லைக் விழுந்த பிறகு என்ன?

2013-ஆம் ஆண்டில் யுனிசெஃப்பின் சுவீடன் பிரிவு ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஃபேஸ்புக்கில் எங்களுக்கு லைக் போட்டால் எத்தனை குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பூசி கிடைக்கும்? பூஜ்யம் என்றது விளம்பரம். தடுப்பூசி வாங்கப் பணம் வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று நேரடியாகக் கேட்டார்கள். இப்படிக் கூச்சமில்லாமல் கேட்கும் துணிவு நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களுக்கும் வர வேண்டும்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கிளம்பியது ஐஸ் பக்கெட் சேலஞ்ச். தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கொல்லும் ஏ.எல்.எஸ். நோயால் பாதிக்கப்பட்டிருந்த பேட் குவின், பீட் ஃப்ரேட்ஸ் என்ற இரு இளைஞர்கள் அதைக் கையிலெடுத்த பிறகு உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது. கொட்டிக்கொண்டவர் இன்னும் சிலரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவர்களுக்கு 24 மணி நேரம் கெடு. ஊருக்கெல்லாம் பொதுவாக விடுக்கும் வேண்டுகோளை யாரும் எளிதாகக் கடந்துபோய்விடலாம். நண்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்படிப் போக முடிவதில்லை. அந்தக் கோடையில் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு வந்து குவிந்த நன்கொடை சுமார் 11.5 கோடி டாலர். ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி அதையே நம் மண்ணுக்கேற்ப மாற்றி, தண்ணீருக்குப் பதிலாகத் தேவைப்படுபவருக்கு ஒரு வாளி அரிசி கொடுக்கச் சொன்னார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, கூட்டம் கலைந்த பிறகு நடந்தது. வந்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆராய்ச்சிக்கு, இவ்வளவு நோயாளிகளின் பராமரிப்புக்கு, இவ்வளவு நிதி திரட்டும் செலவுக்கு என்று சங்கம் கணக்கை வெளியிட்டது. 2016-ல், அந்த நிதியின் உதவியோடு நடந்த ஆய்வு நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 மரபணுவை அடையாளம் கண்டது. இரண்டு ஆண்டுக்கு முன் கொடுத்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கொடுத்தவர்களுக்குத் தெரிந்தது.

நம் அறக்கட்டளைகள் பலவற்றின் பக்கங்களைத் திறந்தால் பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, நடுவே பொன்னாடை போர்த்தும் படங்கள். போன மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பியவர் அங்கே தேடுவது வேறொன்றை. நோட்டுப் புத்தகம் வாங்கிய ரசீதின் படமும், அது எந்தப் பள்ளிக்குப் போனது என்ற இரண்டு வரியும் போதும், அடுத்த முறையும் அவர் அனுப்புவார். ரத்தம் கேட்டுப் போடும் பதிவுகளுக்கும் இதே கவனம் வேண்டும். தேதி, மருத்துவமனை, ரத்த வகை மூன்றும் இருக்க வேண்டும். ரத்தம் கிடைத்ததும் அதே பதிவில் ‘கிடைத்துவிட்டது’ என்று எழுத வேண்டும். தேதியில்லாத வேண்டுகோள் மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பி போன் செய்து ஏமாந்தவர், உண்மையான அவசரம் வரும்போது தயங்குவார்.

ஒரு வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, நன்கொடையாளரோடு எடுக்கும் படம். பசித்த பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்டுவதற்கு அன்னதானம் உரிமை தருவதில்லை. சட்டமும் தருவதில்லை: 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சமைக்கும் கைகளைப் படமெடுங்கள், பிள்ளைகள் வரைந்த ஓவியத்தைப் போடுங்கள். அந்த வேலையின் அழகு அதிலேயே தெரியும்.

பெரிய விளம்பரச் செலவு இல்லாத சின்ன அமைப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும் என்பதால், ரசீது அனுப்பும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு செய்தி போதும். பதில் எழுதுகிறவர்களுக்கு அன்றைக்கே மறுமொழி சொல்ல ஒருவரை நியமியுங்கள். ‘வரிவிலக்கு ரசீது வருமா?’, ‘பழைய துணி எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கேட்பவர்தான் அடுத்த மாதம் நேரில் வந்து வேலையில் இறங்குகிறவர்.