பழைய குளிர்சாதனத்தை மாற்றும் முன்

ஏப்ரல் பிறந்ததும், பழைய குளிர்சாதனத்தை மாற்றிவிடலாமா என்ற எண்ணம் பெங்களூரு இல்லங்களில் எழுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் முன்பெல்லாம் மின்விசிறியே போதுமானதாக இருந்தது. 2016 ஏப்ரல் 24 அன்றோ வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸை எட்டியது. எனினும், சென்னையைப் போல ஆண்டின் பெரும்பகுதி இங்குக் குளிர்சாதனம் இயங்குவதில்லை. வாங்கும் முன் இதனைக் கருத்திற்கொள்வது நன்று.

முதலில் பழுதை ஆராய்வோம். வடிகட்டியில் தூசி அடைந்தாலே குளிர்ச்சி குறையும். அதற்குச் சுத்தம் செய்தலே போதும். குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுக்குள் சுழல்வதால் தானாகத் தீர்ந்துபோவதில்லை. ஆண்டுதோறும் அதனை நிரப்ப நேர்ந்தால் எங்கோ கசிவு உள்ளது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் கம்ப்ரஸர் பழுதானால், மாற்றுவதே பெரும்பாலும் சிக்கனம்.

அடுத்தது நட்சத்திரக் குறியீடு. இதற்கான அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் சமமல்ல. ஆகவே, அட்டையில் அச்சிட்டுள்ள ஆண்டு மின்நுகர்வை ஒப்பிட வேண்டும். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டது.

ஓர் எடுத்துக்காட்டு: மூன்று நட்சத்திர இயந்திரத்தின் நுகர்வு 1,000 யூனிட், ஐந்து நட்சத்திரத்தின் நுகர்வு 760 யூனிட், விலை வேறுபாடு 8,400 ரூபாய், யூனிட் கட்டணம் 7 ரூபாய் எனக் கொள்வோம். 1,600 மணி நேரம் பயன்படுத்துவோர்க்கு ஆண்டுக்கு 1,680 ரூபாய் மிஞ்சும். கூடுதல் விலை ஐந்தே ஆண்டுகளில் ஈடாகும். எண்பது இரவுகள் மட்டும் ஐந்து மணி நேரம் வீதம் பயன்படுத்துவோர்க்கு மிஞ்சுவது 420 ரூபாய். ஈடாக இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் இயந்திரமே தேய்ந்துவிடக்கூடும்.

தவணையில் வாங்குவோர், ‘வட்டியில்லை’ என்ற அறிவிப்போடு நின்றுவிடாமல், நடைமுறைக் கட்டணத்தையும் ரொக்கத் தள்ளுபடி இழப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழைய இயந்திரத்தை அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது நம் கடமை.

கடைக்குச் செல்லுமுன், சென்ற கோடையின் மின் கட்டணச் சீட்டுகளைக் குளிர்கால மாதங்களின் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நம் வீட்டுக்கு எது தேவை என்பதை அவையே உணர்த்தும்.