கணக்கில் வராத உழைப்பு

"பெண்கள் நாட்டின் கண்கள்" என்கிறோம். அக்கண்கள் இரவில் எத்தனை மணிக்கு உறங்கச் செல்கின்றன என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

கேழ்வரகு விளைந்த நமது ஓசூர்ப் பகுதிக்கு 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களில் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. இன்று கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பணிபுரிகின்றனர். 2019-20 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தனர். இது நமக்குப் பெருமையே.

ஆயினும் ஷிப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அடுப்பு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டது தெரிய வந்தது. ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே அவ்வேலையைத் தொட்டனர். அவர்களும் 97 நிமிடங்களே செய்தனர். இவ்வுழைப்புக்குச் சம்பளமில்லை, நாட்டின் வருமானக் கணக்கிலும் இடமில்லை.

செல்வ நாடுகளிலும் முதல் குழந்தை பிறந்த பின்பே ஆண் பெண் ஊதிய வேறுபாடு பெருகுகிறது என்று காட்டிய கிளாடியா கோல்டின் அம்மையார் 2023-இல் நோபல் பரிசு பெற்றார்.

சம வேலைக்குச் சம ஊதியம் தரும் சட்டம் 1976-இல் வந்தது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உதவி' என்றல்ல, 'உரிமைத் தொகை' என்றே பெயரிட்டனர். ஆனால் சட்டம் அடுப்பங்கரைக்குள் வந்து பாத்திரம் துலக்காது.

பெற்றோரே, மகளிடம் மட்டுமன்றி மகனிடமும் துடைப்பத்தைக் கொடுங்கள். சமத்துவம் அங்கேதான் தொடங்குகிறது.