வெண்ணெய்ப்பழ மரத்தின் உயிர் வேரில்

பட்டர் ஃப்ரூட் என்றும் அவகாடோ என்றும் கடைகளில் விற்கும் வெண்ணெய்ப்பழம், சமையலறைப் பட்டையைத் தரும் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அங்குள்ள மலைக்காடுகளில் எரிமலை மண் பொலபொலவென்று இருக்கும். அதன்மேல் இலைச்சருகு தடித்த அடுக்காகக் கிடக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நிற்காது, மண்ணின் ஈரமும் காயாது. அப்படிப்பட்ட இடத்தில் பழகிய மரம் என்பதால் அதன் ஊட்ட வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணிலேயே, ஏறக்குறைய அரை அடி ஆழத்துக்குள்ளேயே பரவுகிறது. மற்ற பழமரங்களின் வேரில் உள்ள அளவுக்கு இதன் வேரில் மயிர்த்தூவிகளும் கிடையாது. வீட்டில் வளர்க்கும்போது நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஆழமற்ற, மென்மையான வேரிலிருந்தே தொடங்குகின்றன.

இம்மரத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவுகள் என மூன்று இனங்கள் உண்டு. முதலிரண்டும் குளிர்ந்த மலைப்பகுதிக்கு உரியவை. மூன்றாவது வெப்பத்தையும் புழுக்கத்தையும் தாங்கும். உலகச் சந்தையை ஆளும் ஹாஸ் ரகம் கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரரின் தோட்டத்தில் விதையிலிருந்து தற்செயலாக முளைத்தது. அவர் அதற்கு 1935இல் காப்புரிமை பெற்றார். பெயர் பெற்ற ரகம் என்பதற்காக அதைச் சமவெளியில் நடுவது வீண் செலவு. தமிழகத்தில் இம்மரம் செழித்து வளர்வது கீழ்ப்பழனி மலை, நீலகிரியின் கீழ்ச்சரிவு, ஏற்காடு போன்ற இடங்களில்தான். பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இதைப் பார்க்கலாம். அங்குள்ள தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு அது நம்பத் தகுந்த தேர்வு. சமவெளியில் வளர்க்க விரும்புவோர், வெப்பம் தாங்கும் மேற்கிந்திய வகை ஒட்டுக்கன்றைத் தேடி வாங்க வேண்டும். அனல்காற்று வீசும் வறண்ட ஊர்களில் மரம் பிழைத்தாலும் காய்ப்பு சொற்பமாகத்தான் இருக்கும்.

பழத்தைத் தின்றபின் கொட்டையில் குச்சிகளைக் குத்தி, தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் நிறுத்தி முளைக்க வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. வேர் விடுவதையும் கொட்டை பிளப்பதையும் பிள்ளைகள் பார்க்க அது நல்ல வழி. பழத்துக்காக மரம் வேண்டுமென்றால் அந்த வழி உதவாது. கொட்டையிலிருந்து வரும் கன்று தாய்மரத்தைப் போல இருக்காது. காய்க்கவும் ஏழெட்டு ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஆனாலும் நாற்றை வீணாக்க வேண்டியதில்லை. தண்டு பென்சில் பருமனுக்கு வந்ததும், நன்றாகக் காய்க்கும் மரத்தின் நுனிக்கிளையை அதில் ஆப்பு ஒட்டாகக் கட்டிவிடலாம். கொட்டையைப் பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் முளைக்காது. அகன்ற அடிப்பாகம் கீழே இருக்க வேண்டும்.

நாற்றுப்பண்ணையில் கன்று வாங்கும்போது இலையின் பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. முடிந்தால் பையை லேசாக விலக்கி வேரைப் பார்க்க வேண்டும். வெளுத்த, உறுதியான வேர்நுனிகள் இருந்தால் கன்று நலமாக இருக்கிறது. வேர் கறுத்து, விரலால் தொட்டதும் ஒடிந்தால் அந்தக் கன்று இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதனுடன் வேரழுகல் நோயும் தோட்டத்துக்குள் வந்து சேரும்.

ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிரியே இந்நோய்க்குக் காரணம். 1922இல் சுமத்திராத் தீவின் பட்டை மரங்களில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. மண்ணில் நீர் தேங்கும்போது அதன் வித்துகள் அந்த நீரில் நீந்திப் போய் ஊட்ட வேர்களைத் தாக்கும். நோயுற்ற மரத்தில் இலைகள் சிறுத்து வெளிறும், உச்சிக்கிளைகள் காயும், மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் வாடித் தொங்கும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், ஊற்ற ஊற்ற வேர் அழுகும். பொட்டாசியம் பாஸ்போனேட் மருந்து நோயைக் கட்டுக்குள் வைக்குமே தவிர அடியோடு போக்காது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

அதற்கு முதல் படி, குழியில் நடாமல் மேட்டில் நடுவது. ஒன்று, ஒன்றரை அடி உயரமும் நான்கைந்து அடி அகலமும் உள்ள மண்மேட்டைக் குவித்து, அதன் உச்சியில் கன்றை வைக்க வேண்டும். செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்த மண் ஏற்றது. களிமண் நிலமானால் மேட்டை இன்னும் உயர்த்தலாம். ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். பையைப் பிரிக்கும்போது வேர்க்கட்டியை உதிர்க்காமல் அப்படியே இறக்க வேண்டும், ஏனென்றால் அறுந்த வேரிலிருந்து இம்மரம் எளிதில் தேறாது. அதே காரணத்தால் மரத்தடியைக் கொத்தவே கூடாது.

அடுத்தது மூடாக்கு. இலைச்சருகு, வைக்கோல், மரச்சிராய் ஆகியவற்றை மரத்தடியில் அரை அடி கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மண்ணின் சூட்டைத் தணித்து ஈரத்தைக் காப்பதோடு, மூடாக்கு மக்கும்போது பெருகும் நுண்ணுயிர்கள் வேரழுகல் கிருமியையும் அடக்குகின்றன. உரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இதற்குச் செலவழித்தாலே மரம் தெளிந்து நிற்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைப்பதை விட விரலை நம்பலாம். மூடாக்கை விலக்கி இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காயத் தொடங்கியிருந்தால் மட்டும் பாய்ச்ச வேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தால் வேறொரு தொல்லை வரும். குளோரைடு உப்பை இம்மரம் தாங்கவே தாங்காது. இலைநுனியில் தொடங்கி ஓரங்களில் இறங்கும் பழுப்புக் கருகல் அதன் அடையாளம். ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும் ஊர்களில் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்லது. வடிகால் நன்றாக இருந்தால் அவ்வப்போது ஒரே மூச்சில் நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்கலாம். சாம்பல் சத்து தேவைப்படும்போது குளோரைடு கலந்த சாதாரண பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இட வேண்டும்.

இளமரத்தின் பட்டை மெல்லியது, நேர்வெயிலில் வெந்து வெடிக்கும். முதல் கோடையில் மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டி, தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசினால் போதும்.

பூக்கும் பருவத்தில் இம்மரம் செய்வது வியப்பான வேலை. ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்தும் அவை ஒரே நேரத்தில் பக்குவமாவதில்லை. ஒவ்வொரு பூவும் இரண்டு நாளில் இருமுறை மலர்கிறது. முதல்முறை பெண்ணாக மலரும்போது நடுவில் சூல்முடி பளிச்சென்று தெரியும், மகரந்தப்பைகள் திறந்திரா. மூடித் திரும்ப மலரும்போது அது ஆணாகி மகரந்தம் உதிர்க்கும். ‘ஏ’ வகை மரங்களில் பெண் மலர்ச்சி காலையில், ஆண் மலர்ச்சி மறுநாள் மாலையில். ‘பி’ வகையில் பெண் மாலையில், ஆண் மறுநாள் காலையில். ஹாஸ் முதல் வகை, ஃபுவெர்த்தே இரண்டாம் வகை. இரண்டு வகையும் அருகருகே இருந்தால் காய்ப்பு கூடும். இடமில்லாத வீட்டில் ஒற்றை மரமும் காய்க்கும். வெயிலும் குளிரும் மாறி மாறி வரும்போது இரு மலர்ச்சிகளும் கொஞ்ச நேரம் ஒன்றுகூடும், தேனீக்களுக்கு அந்த நேரம் போதும். பூத்திருக்கும் வாரங்களில் பூச்சிமருந்து தெளிப்பது காய்ப்பைத் தானே கெடுத்துக்கொள்வதாகும். பெரிய மரத்தில் லட்சக்கணக்கில் பூத்தாலும் ஆயிரம் பூவுக்கு ஒரு காய் நிற்பதே பெரிது. பூவும் பிஞ்சும் கொட்டுவதைக் கண்டு கலங்க வேண்டாம்.

மாவுப்பூச்சி, செதில்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும். காய்ப்புக்குப் பின் உயரத்தை மட்டும் குறைத்து இலேசாகக் கவாத்து செய்யலாம். கழித்த இலைகளை ஆடு, மாடுகளுக்குப் போடவே கூடாது. இலையில் உள்ள பெர்சின் என்னும் நச்சு அவற்றின் மடியையும் இதயத்தையும் பாதிக்கும்.

காய் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, முற்ற மட்டுமே செய்யும். முற்றியதை அறிய ஒரு பெரிய காயைக் காம்புத் துண்டோடு பறித்து வீட்டுக்குள் வைக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் சுருங்காமல் மெத்தென்று ஆனால் மற்றவற்றையும் பறிக்கத் தொடங்கலாம். தோல் சுருங்கி உள்ளே ரப்பர் போல இருந்தால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். பழம் பழுக்காமலே காத்திருக்கும் என்று எல்லாவற்றையும் நெடுநாள் மரத்தில் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு காய்ப்பு குறையும். வீட்டுத் தேவைக்கு ஏற்ப வாரத்துக்குச் சில காய்களாக, தொரட்டியின் நுனியில் வலை கட்டி, கீழே விழாமல் பறித்து வரலாம்.