இடர்க்காலமும் இணையவழிக் கல்வியும்

கற்பித்தலாவது நூலிலுள்ள பொருளை மாணவன் செவியிற் புகுத்துதல் மாத்திரமன்று. அவன் அதனை உணர்ந்தானோவென ஆராய்ந்து, உணராவிடத்து வேறொரு வழியால் உணர்த்துதலுமாகும். இவ்விரண்டனுள் முன்னையதைக் கருவிகள் எளிதிற் செய்யும். பின்னையதையும் செய்யுமோ? பாடசாலைகள் மூடப்பட்ட இடர்க்காலங்கள் இவ்வினாவிற்கு விடை பகர்கின்றன.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியமையால், விடுமுறை கழிந்தும் பாடசாலைகள் திறக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயின்ற ஏறத்தாழ 325,000 மாணவர்க்கு வானொலி வாயிலாகப் பாடங்கள் ஒலிபரப்பப்பட்டன. பாட அட்டவணையைத் தினசரிப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஐயங்களைத் தொலைபேசியிற் கேட்கவும் ஒழுங்கு செய்யப்பட்டது. முயற்சி பாராட்டற்குரியதே. எனினும், வானொலியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்தை இழந்தனர். பாடம் விரைந்து சென்றவிடத்து அதனை நிறுத்தி வினவவும் வழியிருக்கவில்லை.

வானொலி பேசும், கேளாது. இணையமோ பேசவும் கேட்கவும் வல்லது. ஆதலின் அக்குறை இன்று நீங்கிவிட்டதெனச் சிலர் கருதுவர். 2020இல் கொவிட்-19 பெருந்தொற்றின்போது நெதர்லாந்து நாட்டுப் பாடசாலைகள் ஏறத்தாழ 8 வாரம் மூடப்பட்டன. இணைய வசதி வீடுகளில் நன்கு பரவியிருந்த நாடு அது. ஆங்கு ஏறத்தாழ 350,000 ஆரம்பப் பாடசாலை மாணவரின் பரீட்சைப் பெறுபேறுகளை ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒப்புநோக்கி, 2021இல் தம் முடிபை வெளியிட்டனர். வீட்டிலிருந்து கற்ற காலத்தில் மாணவர் பெற்ற முன்னேற்றம் மிகச் சிறிது, அன்றேல் இல்லை என்பதே அம்முடிபு. இழப்பு ஓராண்டுக் கல்வியின் ஐந்திலொரு பங்கெனக் கணிக்கப்பட்டது. கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளிடத்து அஃது 60 வீதம் வரை மிகுந்து காணப்பட்டது.

கருவியிருந்தும் இழப்பு நேர்ந்தது எதனால்? வகுப்பறையில் வினவத் துணியாத மாணவனின் கலக்கத்தை அவன் முகமே ஆசிரியருக்கு உணர்த்திவிடும். திரைக்கு முன்னே அவன் தனித்திருக்கிறான். அருகிருந்து விளக்குவார் உள்ள வீட்டுப் பிள்ளை தப்புகின்றது. ஏனைய பிள்ளைகள் பின்னடைகின்றன. வகுப்பறை இவ்வேற்றுமையை முற்றாக நீக்காதெனினும் ஓரளவு தணிக்கும். இணையவழிக் கல்வியோ அதனை வளரவிடுகின்றது. கருவியும் அரிதாயின் துன்பம் இரட்டிக்கும். 2021இல் இலங்கையின் போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞையை நாடிப் பாறைமலை ஏறியே பாடங்களைப் பெற்றனர்.

ஆயின் இணையவழிக் கல்வி பயனற்றதோ? அன்று. பாடசாலை மூடியகாலை அதற்கு மாற்று வகுப்பறையன்று, வெறுமையே. வெள்ளத்திலே தெப்பம் உயிர்காக்கும். வெள்ளம் வடிந்தபின் அதனையே வீடாகக் கொள்வாரிலர். தெப்பத்தில் இடம்பெறாதார் எவரெனத் தேடுதலும் கரையேறியோர் கடனாகும். ஆதலின், பாடசாலை மீளத் திறக்கும் நாளில் ஆசிரியர் முதற்கண் வினவவேண்டியது, “எத்தனை பாடம் முடிந்தது?” என்பதன்று, “பின்தங்கியவர் யாவர்?” என்பதேயாம்.