உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சான்றிதழ்!

இங்கிலாந்தில் குழந்தைகளோடோ பலவீனமான பெரியவர்களோடோ செய்யும் வேலைக்குப் போனால் முதல் கேள்வியே "டி.பி.எஸ். இருக்கா?" என்பதுதான். உங்கள் மேல் குற்றப் பதிவு உண்டா, இல்லையா என்று சொல்லும் அரசாங்கச் சான்றிதழ் அது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? மையும் நிறம் மாறும், தாளும் நிறம் மாறும்! போலியைப் பிடிக்க வைத்த பொறி!

வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். வலது ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ் வரை கிரீட முத்திரை தெரியும். திருப்பிப் பாருங்கள். பின்பக்க எழுத்துகள் நீலம், பச்சை, நீலம், பச்சை என்று அலை அலையாக ஓடும். ரூபாய் நோட்டுக்குச் செய்கிற அலங்காரம் ஒரு வேலைச் சான்றிதழுக்கு!

வருஷத்துக்கு இப்படி எத்தனை சான்றிதழ் தருகிறார்கள்? சுமார் 70 லட்சம்!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டி.பி.எஸ். எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனால் 'டிஸ்குளோஷர் ஸ்காட்லாந்து'. கடல் தாண்டி வட அயர்லாந்து போனால் 'ஆக்சஸ் என்.ஐ.'. ஆள்வது ஒரே மன்னர், அலுவலகம் மட்டும் 3!

டி.பி.எஸ். சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே கிடையாது! அச்சான நாளில் என்ன பதிவு இருந்ததோ அது மட்டும்தான் அதில் இருக்கும். மறுநாள் காலையில் அதே ஆளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலும் அந்தத் தாளுக்குத் தெரியாது!

அதற்குத்தான் 'அப்டேட் சர்வீஸ்'. சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் பெயரைப் பதிந்துவிட வேண்டும். அப்புறம் அதே வகைப் பணியில் எத்தனை வேலை மாறினாலும் புது முதலாளி கணினியிலேயே பார்த்துக்கொள்வார். ஆண்டுக்கு 16 பவுண்டு. சம்பளம் வாங்காத தன்னார்வலருக்கு எவ்வளவு? 0!

மிக ஆழமாகத் தோண்டும் சோதனைக்குப் பெயர் 'என்ஹான்ஸ்டு'. 2024 டிசம்பரிலிருந்து அதன் கட்டணம் 49 பவுண்டு 50 பென்ஸ். தன்னார்வலருக்கு அதுவும் இலவசம்!

ஆனால் யார் தன்னார்வலர்? இங்கேதான் பிடி இருக்கிறது. பஸ் காசு வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் சொந்தக்காரருக்கே உதவினால் கணக்கில் வராது. பின்னால் முழுநேர வேலையாகப் போகிற பயிற்சி என்றால் அதுவும் வராது. ஒரு பைசா சம்பளம் வாங்காத பயிற்சி மாணவருக்கும் முழுக் கட்டணம்!

லண்டனில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் அ, ஆ சொல்லிக்கொடுக்கும் அக்காக்களே, கவனியுங்கள்! குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதும் கற்பிப்பதும் எப்போது 'வாடிக்கையான' வேலையாகிறது தெரியுமா? 30 நாளில் 3 நாளுக்கு மேல் செய்தால்! மாதத்துக்கு 4 சனிக்கிழமை. கோட்டைத் தாண்டியாச்சு, சோதனைக்குள் வந்தாச்சு!

பிள்ளைகளைக் கேம்ப்புக்கு அழைத்துப்போய் இரவு கூடவே தங்கினால்? 3 நாள் கணக்கே வேண்டாம். நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் குழந்தைகளோடு நேருக்கு நேர் இருக்கும் வாய்ப்பு இருந்தால், 1 இரவே போதும்!

முடியாத பெரியவரைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. இதையே பணியாகச் செய்தால் எத்தனை தடவையில் சோதனைக்குள் வருவீர்கள்? எண்ணவே வேண்டாம், 1 தடவை!

ஆனால் பேரனைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவுக்கு? எந்தச் சோதனையும் இல்லை. குடும்பத்துக்குள் நடப்பதில் இந்தச் சோதனைச் சட்டம் தலையிடாது!

குழந்தைகளோடு வேலை செய்யக் கூடாதவர்களுக்கு ஒரு தடைப் பட்டியல். பலவீனமான பெரியவர்களோடு வேலை செய்யக் கூடாதவர்களுக்கு இன்னொன்று. பட்டியலில் இருப்பவர் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாலே குற்றம்! வேலை கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதிகபட்சத் தண்டனை? 5 ஆண்டு சிறை! தெரிந்தே சேர்த்துக்கொண்டவரும் குற்றவாளிதான்!

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2002 ஆகஸ்ட், சோஹம் என்ற சிற்றூர். 10 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் ஊர்ப் பள்ளியின் காப்பாளர். வேறு வட்டாரப் போலீசிடம் அவர் மீது ஏற்கெனவே பல புகார்கள் போயிருந்தன. அவை பள்ளியின் காதுக்கு வரவே இல்லை. 2004-ல் சர் மைக்கேல் பிச்சார்ட் விசாரணை அறிக்கை வந்தது. 2006-ல் புதுச் சட்டம் வந்தது. இன்று அந்த நாட்டில் வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வொரு ஆசிரியரும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் நுழைகிறார்!

கோர்ட் 'நிரபராதி' என்று சொல்லிவிட்டது. அதுவும் சான்றிதழில் வருமா? வரலாம்! குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவரின் 'என்ஹான்ஸ்டு' சான்றிதழில் அந்த வழக்கைப் போலீஸ் எழுதிவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2018-ல் தீர்ப்பு. போலீஸ் எழுதியது செல்லும்! வேலைக்குத் தொடர்புடையது என்று தலைமைக் காவல் அதிகாரி நியாயமாக நம்ப வேண்டும், சேர்க்க வேண்டியது என்றும் கருத வேண்டும்; அவ்வளவுதான். தண்டனை தேவையில்லை. எனக்கு இதைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது!

இப்போது நான் இந்த வாரம் கண்டெடுத்த முத்து! ஒரு சாண்ட்விச், ஒரு புத்தகம், 20 வருஷம்! 1999-ல் ஒரு பெண் கடையில் சாண்ட்விச் ஒன்றை எடுத்துவிட்டார். போலீஸ் எச்சரித்து அனுப்பியது. கொஞ்ச நாளில் ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார். விலை 99 பென்ஸ்! ஒரு பவுண்டுகூட இல்லை! அப்போது அவருக்கு மனச்சிதைவு நோய். சிகிச்சை இல்லை, வீடும் இல்லை. ஜாமீனில் வந்தவர் சொன்ன தேதிக்குக் கோர்ட்டுக்கும் போகவில்லை. அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்தது. ஆக, தண்டனைக் கணக்கில் 2!

அந்த '2'தான் வினை! ஒன்றுக்கு மேல் தண்டனைப் பதிவு இருந்தால் எல்லாமே சான்றிதழில் வரும், எந்தக் காலத்திலும் மறையாது என்பது அன்றைய விதி. அவர் குணமானார். பள்ளியில் உதவி ஆசிரியையாக ஆசைப்பட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தப் புத்தகம் முன்னால் வந்து நின்றது. தன் நோயைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் விளக்க வேண்டியிருந்தது. அவர் விடவில்லை. வழக்குப் போட்டார். 2019 ஜனவரி 30. உச்ச நீதிமன்றம் அந்த விதி அளவுக்கு மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. 2020 நவம்பர் 28 முதல் விதியே போய்விட்டது. 99 பென்ஸ் புத்தகம் ஒரு நாட்டின் விதியை மாற்றிவிட்டது!

விதி போன அதே நாளில் இன்னொரு நல்லதும் நடந்தது. சிறு வயதில் போலீஸ் கொடுத்த எச்சரிக்கைகள் இனி தானாகச் சான்றிதழில் வராது!

பெரியவரானபின் செய்த சிறு குற்றம், சிறைத் தண்டனையும் இல்லை என்றால் எப்போது சான்றிதழிலிருந்து மறையும்? 11 ஆண்டில்! 18 வயதுக்குள் நடந்தது என்றால் அதில் சரிபாதி, ஐந்தரை ஆண்டு!

1974-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், சாதாரண வேலைகளுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் 4 ஆண்டுக்கு மேல் சிறை என்றால் அந்தச் சலுகை ஆயுளுக்கும் இல்லை என்றிருந்தது. 2023 அக்டோபர் 28-ல் அது மாறியது. கொடிய வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக, தண்டனை முடிந்து 7 ஆண்டு போனால் போதும்!

சட்டம் மறந்துவிட்டது. போலீஸ் கணினி? அது எளிதில் மறக்காது! உங்கள் 100-வது பிறந்தநாள் வரை பதிவு அங்கேயே இருக்கும்!

முதலாளி சும்மா ஆர்வத்துக்காக 'என்ஹான்ஸ்டு' கேட்கலாமா? கூடாது! அந்த வேலை அந்தச் சோதனைக்கு உரியதல்ல என்று தெரிந்தும் பொய் சொல்லிக் கேட்டால், மாட்டுவது கேட்டவர்தான்!

"போலீசில் உன் பதிவை நீயே வாங்கிக்கொண்டு வா" என்று கட்டாயப்படுத்தினால்? அதுவும் 2015 மார்ச் முதல் குற்றம். உங்கள் கையில் ஒரு பதிவும் இல்லாவிட்டாலும், கேட்டவர் கையில் ஒன்று வந்துவிடும்!

வெளிநாட்டில் செய்த குற்றத்தைத் தேடி டி.பி.எஸ். ஊர் ஊராகப் போவதில்லை. அதனால்தான் இங்கிருந்து வேலை விசாவில் இங்கிலாந்து போகும் நர்ஸ் நம் ஊர் போலீஸ் சான்றிதழையும் கொண்டுபோகிறார். கடந்த 10 ஆண்டில் எந்த நாட்டில் 12 மாதம் இருந்திருந்தாலும் அந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும். கொஞ்ச காலம் குவைத், கொஞ்ச காலம் சிங்கப்பூர் என்று சுற்றியவருக்கு நம் ஊரோடு சேர்த்து 3 நாட்டுத் தாள்! நம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் இதற்குக் கட்டணம் 500 ரூபாய்!

இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இருக்கும் டிம்ப்சன் கடையில் வீட்டுக்கு டூப்ளிகேட் சாவி போடக் கொடுக்கிறீர்களா? போட்டுத் தருபவர் ஜெயிலிலிருந்து வந்தவராக இருக்கலாம்! அந்த நிறுவனத்தில் ஏறக்குறைய 10 பேருக்கு 1 பேர் அப்படி வந்தவர். அதை நடத்திவந்த ஜேம்ஸ் டிம்ப்சனை 2024 ஜூலையில் அரசாங்கமே கூப்பிட்டுக்கொண்டது. எந்தப் பதவிக்கு? சிறைத்துறை அமைச்சர்!