ரேடியேற்றரைக் காப்போம்: பற்றைக்காணிக்கும் சேற்றுக்கும் சில குறிப்புகள்

இடம்பெயர்ந்திருந்து பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலிற் காண்பது வயலையல்ல, பற்றைக்காட்டையே. ஈச்சம்பற்றை, நாயுண்ணி, உடைமரம், மண்ணுக்குள் புதைந்த முட்கம்பி, தறித்த அடிக்கட்டை எல்லாம் அதற்குள் கிடக்கும். (கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உரியவர்கள் உறுதிப்படுத்தாத காணிக்குள் எந்த அவசரத்துக்கும் எந்த இயந்திரத்தையும் இறக்கவேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறோம்.) இப்படியான நிலத்தில் லான்ட்மாஸ்ரரை ஓட்டும்போது ரயரைப் பற்றியும் கலப்பையைப் பற்றியும் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ரேடியேற்றரைப் பற்றி, அது கொதிக்கும்வரை, எவரும் நினைப்பதில்லை.

நாமும் நினைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து குடும்பங்கள் பொதுவாக வைத்திருந்த ஒரு லான்ட்மாஸ்ரரின் பராமரிப்பில் எமக்கும் பங்கிருந்தது. சிறுபோகச் சூடடிப்பின்போது சப்பியும் கூளமும் பறந்து ரேடியேற்றரில் ஒட்டுகின்றன என்று ஓட்டுநர் முறையிட்டார். நுளம்பு வலையை மடித்து முன்னே கட்டும்படி ஆலோசனை சொன்னவர்கள் நாமே. மூன்றாம் நாள் பிற்பகல் இயந்திரம் கொதித்து நின்றது. பதறிப்போன ஓட்டுநர் ஒரு வாளி கிணற்று நீரை அப்படியே ஊற்றினார். சிலிண்டர் தலை வெடித்தது. பாகம் தேடிப் பொருத்தி முடிக்கும்முன் ஐப்பசி மழை வந்துவிட்டது. நான்கு குடும்பங்கள் கடன் வாங்கிக் கூலிக்கு உழுதன. ஐந்தாவது குடும்பத்தின் இரண்டு ஏக்கர் அந்தக் காலபோகம் விதைக்கப்படாமலே கிடந்தது. வலை கட்டுவது தவறல்ல. எந்த வலை, எங்கே, எவ்வளவு இடைவெளியில் என்பதை அறியாமற் கட்டியதே தவறு.

டீசல் எரியும்போது கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியின் பெரும்பகுதியை நீர் சுமந்துவந்து ரேடியேற்றரின் மெல்லிய செட்டைகள் வழியாகக் காற்றிடம் ஒப்படைக்கவேண்டும். காற்று போகும் வழி அடைபட்டாலோ, நீர் போகும் குழாய் அடைபட்டாலோ முடிவு ஒன்றுதான். தார் வீதியில் ஓடும் வாகனத்துக்கு வேகத்தால் காற்றுக் கிடைக்கிறது. சேற்றில் மனிதன் நடக்கும் வேகத்தில் முழுச் சுமையோடு ஓடும் இயந்திரத்துக்கு விசிறி ஒன்றே துணை. காட்டுவழியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கும் இதே தொல்லைதான். எம்மூர் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை காற்றினாலேயே குளிர்பவை என்றாலும், இளைஞர்கள் விரும்பி வாங்கும் சில புதிய வகைகளில் ரேடியேற்றர் உண்டு. முன்சில்லு எறியும் கல்லும் சேறும் நேரே அதிலேதான் படும். ஆகவே இங்கே சொல்வதிற் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

லான்ட்மாஸ்ரர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ரேடியேற்றரே கிடையாது. இயந்திரத்தின் மேல் ஒரு நீர்த்தொட்டி இருக்கும். நீர் கொதித்து ஆவியாகிப் போவதனாலேயே அது குளிர்கிறது. ஆவி பறப்பதைக் கண்டு பயப்படவேண்டாம். நீர் குறைவதைக் கண்டே பயப்படவேண்டும். கடும் உழவில் மணிக்குப் பல லீற்றர் போகும். மற்ற வகையில் ரேடியேற்றரும் விசிறியும் உண்டு. இவற்றிற் பலவற்றில் நீரைச் சுற்றிவிடப் பம்பு இல்லை. சூடான நீர் இலேசாகி மேலே ஏறுகிறது. குளிர்ந்த நீர் பாரமாகிக் கீழே இறங்குகிறது. இந்தச் சுற்றோட்டம் நடக்கவேண்டுமானால் மேல்வழிக்கு மேலே நீர் நிற்கவேண்டும். ஒன்றிரண்டு கோப்பை நீர் குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும். "ரேடியேற்றரில் அரைவாசி தண்ணீர் இருந்ததே, ஏன் கொதித்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

காவலும் வலையும்

தடிக்கும் கல்லுக்கும் ஒரு காவல் வேண்டும். சப்பிக்கு வேறொரு காவல் வேண்டும். இரண்டையும் ஒரே வலையால் தீர்க்க முயன்றதே நாம் செய்த பிழை.

தடிக்கு: கோழிக்கூட்டுக்கு அடிக்கும், பொருத்துகள் ஒட்டப்பட்ட அரை அங்குலக் கம்பிவலை போதும். அதை அரை அங்குலக் குழாயிலோ கோண இரும்பிலோ செய்த சட்டத்தில் இறுக்குங்கள். சட்டத்தை இயந்திரத்தின் உடற்சட்டத்தோடு போல்ட் போட்டுப் பூட்டவேண்டும். ரேடியேற்றரோடு பூட்டவே கூடாது. கட்டையில் மோதும்போது அடி சட்டத்துக்குப் போகவேண்டும், செட்டைக்குப் போகக்கூடாது. வலைக்கும் செட்டைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். வலை வளைந்தாலும் செட்டையைத் தொடாதிருப்பதற்காகவே இந்த இடைவெளி. மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் விழும் ஆபத்தே பெரிது. அங்கும் காவற்சட்டம் வண்டியின் சட்டத்திற்றான் நிற்கவேண்டும்.

சப்பிக்கு: நெருங்கிய வலை வேண்டியதுதான். ஆனால் அதைச் செட்டையின்மேல் ஒட்டிக் கட்டினால் சில நிமிடங்களில் சப்பி படர்ந்து சாக்குப் போலாகிவிடும். வலையின் பரப்பைக் கூட்டுவதே வழி. ரேடியேற்றரின் முகம் ஒரு சதுர அடி என்றால், மூன்று சதுர அடி வலை வரும்படி பெட்டி வடிவில் ஒரு கூடு செய்து, முன்னே தள்ளி மாட்டுங்கள். பரப்புக் கூடக்கூட ஒவ்வோர் அங்குலத்திலும் காற்றின் இழுவை குறையும். சப்பி ஒட்டாமல் உதிரும். கூட்டைக் கையால் கழற்றக்கூடியதாக, கொளுக்கியில் மாட்டுவது நல்லது. சூடடிக்கும்போது மாட்டி, உழவுக்குப் போகும்போது கழற்றிவிடலாம். இன்று அறுவடையின் பெரும்பகுதியைப் பெரிய வெட்டு இயந்திரங்கள் செய்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை இறங்காத சதுப்பும் சிறு துண்டும் எமது மக்களிடம்தான் அதிகம்.

துப்பரவு செய்யும்போது காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறதென்பதை முதலில் அறியவேண்டும். இயந்திரம் ஓடும்போது ஒரு காகிதத் துண்டை வலையருகே, கை விசிறிக்குக் கிட்டப் போகாதபடி, பிடியுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் காற்று அவ்வழியாக உள்ளே போகிறது. அழுக்கை வந்த வழியாலேயே வெளியே தள்ளவேண்டும். அதாவது மறுபக்கமிருந்து நீர் அடிக்கவேண்டும். காய்ந்த சேற்றைச் சுரண்டாதீர்கள். நனைத்து ஊறவிட்டு, பூவாளியால் ஊற்றிக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் அமுக்க நீரைக் கிட்டப் பிடித்தால் செட்டைகள் படுத்துவிடும். படுத்த செட்டை அடைத்த செட்டையேதான். மொட்டைக் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். பொறுமை வேண்டிய வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை எம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

உள்ளே ஊற்றும் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் ஊறுபவை. வன்னியிலும் பல கிணறுகளின் நீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றரின் குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியும் படியும். இரும்பும் பித்தளையும் வெப்பத்தை இலகுவில் விடுகின்றன. இந்தப் படிவோ விடாது. வெளியே செட்டை பளபளவென்று இருக்கும், இயந்திரம் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். குறிப்பாக நீர்த்தொட்டி வகையில் நாள்தோறும் நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு மட்டும் தங்குவதால் படிவு விரைவிற் கட்டுகிறது.

மழைநீரே மிக நல்லது. முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, அடுத்த மழையில் இரண்டு கலன் பிடித்து மூடி, இயந்திரத்துக்கென்று தனியே வைத்துவிடுங்கள். அதற்கும் வசதியில்லையாயின் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை வடித்தெடுங்கள். கடினத்தில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும்.

ரேடியேற்றர் வகைக்குக் கடையில் விற்கும் கூலன்ற் ஊற்றலாம். உறைபனி இல்லாத எமது பகுதியில் அதனால் கிடைக்கும் முதற் பயன் துருப்பிடியாமை. கொதிநிலை சற்றுக் கூடுவது இரண்டாவது. நீர்த்தொட்டி வகைக்கு அதை ஊற்றுவது காசை வெயிலில் காயப்போடுவது போன்றது. ஒன்றை மறக்கவேண்டாம்: கூலன்ற் பெரும்பாலும் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகள், ஆடு, நாய் எட்டாதபடி வையுங்கள். வடித்த கூலன்றைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம்.

ஏற்கெனவே படிவு கட்டியிருந்தால் பத்து லீற்றர் நீரில் கால் கிலோ சிற்றிக் அமிலம் (தேசிக்காயின் புளிப்பும் இதுவே) கரைத்து ஊற்றி, இயந்திரத்தை அரை மணி நேரம் சுமையின்றி ஓடவிட்டு, ஆறியபின் வடித்து, வெறும் நீரால் மூன்று நான்கு தரம் அலசுங்கள். அலுமினியத்தாலான ரேடியேற்றரானால் அதைவிட நேரம் வைக்கவேண்டாம். பற்றரி அமிலமும் கோஸ்ரிக் சோடாவும் வேண்டவே வேண்டாம். பின்னது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூளும் முட்டை வெள்ளைக்கருவும் போடும் வழக்கம் உண்டு. ஒழுக்கு நிற்பது உண்மைதான். ஓட்டையை அறிந்து அடைக்க மஞ்சளுக்குக் கண் இல்லையே! நல்ல குழாயையும் அது அடைக்கும். நடுவழியில் நின்றால் வீடு வந்துசேர மட்டும் செய்யலாம். வந்ததும் அலசிவிட்டு, ஈயம் பற்றவைப்பவரிடம் கொண்டுபோங்கள்.

எதைப் பெருப்பிக்கலாம்?

அடிக்கடி கொதிக்கிறதென்றால் "பெரிய ரேடியேற்றர் போடு" என்று கராஜில் சொல்வார்கள். இரண்டு வரிசைக் குழாயுள்ள ரேடியேற்றரை மூன்று வரிசையாக்கலாம். ஆனால் மூன்றாம் வரிசைக்குக் கிடைப்பது முதலிரண்டைக் கடந்துவந்த சூடான காற்று. ஆகவே காசு அரைப்பங்கு கூடினாலும் பயன் அவ்வளவு கூடாது. அதற்குமுன் விசிறிப் பட்டி தளர்ந்திருக்கிறதா, விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் அந்தக் கூட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். கூடில்லாத விசிறி செட்டையூடாகக் காற்றை இழுக்காமல், பக்கத்தில் நிற்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி இழுக்கும். எண்ணெய்ப் பீப்பாத் தகரத்தை வெட்டி, விசிறி நுனிக்கும் கூட்டுக்கும் அரை அங்குலம் விட்டுச் செய்துகொள்ளலாம். 2022 நெருக்கடியின் பின் பாகங்கள் விற்கும் விலையில், நாம் அறிந்தவரை இதைவிட மலிவான திருத்தம் வேறில்லை.

மூடியைப் பற்றியும் சொல்லவேண்டும். அமுக்கம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடியில் நீர் ஏறக்குறைய 111 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். 16 இறாத்தலில் 122 பாகை. இதனாற்றான் காட்டுவழி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் 16 இறாத்தல் மூடியைக் கழற்றி 26 இறாத்தல் மூடி போடுகிறார்கள். லான்ட்மாஸ்ரருக்கு அந்த வித்தை வேண்டாம். ஈயப்பற்றுகளும் முதிர்ந்த றப்பர் குழாய்களும் அந்த அமுக்கத்தைத் தாங்கா. மூடியில் எழுதியிருக்கும் அளவையே வாங்குங்கள். வாங்குமுன் பழைய மூடியின் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்; பலமுறை குற்றவாளி அதுவே.

ரேடியேற்றரை இரும்போடு இரும்பாக இறுக்கிவைத்தால் அதிர்வினால் ஒட்டுகள் பிளக்கும். பழைய ரயரில் வெட்டிய துண்டுகளை இடையில் வைத்து, சற்று அசையும்படி பூட்டுங்கள்.

கொதித்துவிட்டால்

முதலில் சுமையை எடுங்கள். நீர் இன்னும் இருந்தால் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். விசிறி சூட்டை வெளியேற்றும். நீர் முற்றாகப் போய்விட்டதானால் உடனே நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவேண்டாம். அமுக்கம் விடுபட்டதும் கொதிநீர் முகத்திலடிக்கும். அப்படி வெந்த முகங்களை நாம் ஆசுப்பத்திரியிற் கண்டிருக்கிறோம். அரை மணி நேரமாவது காத்திருந்து, ஈரச் சாக்கை மூடிமேற் போட்டு, கால்வாசி திருப்பி ஆவியைப் போகவிட்டுப் பின் திறவுங்கள். நீரைச் சிறிது சிறிதாக, இடையிடையே நிறுத்தி ஊற்றுங்கள். இயலுமானால் இளஞ்சூட்டு நீராக இருக்கட்டும். சூடேறிய வார்ப்பிரும்பில் ஒரு வாளி குளிர்நீர் விழுந்தால் என்ன நடக்குமென்பதற்கு எமது இயந்திரமே சாட்சி.

மீண்டும் ஓட்டுமுன் ஓயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஓயில் பால்கோப்பி நிறத்திலிருந்தாலோ, ஓடும்போது ரேடியேற்றர் வாயில் இடைவிடாது குமிழி வந்தாலோ, தலையின் கஸ்கற் எரிந்திருக்கலாம் அல்லது தலையே வெடித்திருக்கலாம். அந்த நிலையில் இன்னும் ஒரு வரம்பு கூட உழவேண்டாம். கயிறு கட்டியாவது வீட்டுக்கு இழுத்துச் செல்லுங்கள்.