பழைய ஹெரால்டு போசரி வந்துசேர

போசரித் தொழிற்பேட்டையை நம்பிக் குடியேறிய நம்மவருள் சிலர், ஊரில் தந்தையார் போற்றி வைத்திருந்த பழைய காரை இங்கு வரவழைக்க விரும்புகின்றனர். சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அத்தகையது. ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர் வழியாக வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்.

கயிறு கட்டி இழுத்து வரலாமே என்பாரும் உளர். வேண்டா. எஞ்சின் ஓடாமல் பின்சக்கரங்கள் மட்டும் உருண்டால், கியர்ப் பெட்டியில் எண்ணெயை வாரியிறைக்கும் பற்சக்கரங்கள் சுழல்வதில்லை. உள்ளே உலோகம் உலர்ந்து தேயும். தட்டை லாரியில் ஏற்றுவதே முறை.

ஹெரால்டின் எஞ்சின் மூடிக்கு மூக்குப்புறத்தில் கீல். காரைப் பின்னோக்கி ஏற்றினால் காற்று அதனைத் தூக்கிவிடக்கூடும். முகம் முன்னோக்கியே இருத்தல் வேண்டும். வார்களைப் பம்பரில் மாட்டாது, அடிச்சட்டத்தில் நான்கு மூலையும் இறுகக் கட்டுக. முதல் 30 கிலோமீட்டரில் நிறுத்தி, தளர்ந்தவற்றை மீண்டும் இறுக்கச் சொல்லுக. ஓட்டுநர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

யாம் பெரிதும் அஞ்சுவது கடைசிக் கட்டத்தையே. காத்ரஜ் புதுச் சுரங்கத்தைக் கடந்ததும் நவலே பாலம் வரை சாலை இறங்கிக்கொண்டே வருகிறது. டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை நீக்கி லாரியை உருளவிடுவோர் உண்டு; அப்போது பாரம் முழுதும் பிரேக்கின் மேல் விழ, அது சூடேறிச் செயலிழக்கும். 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு லாரி மோதி நாற்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் சேதமுற்றன. ஆகவே, சுரங்கத்திலேயே கீழ்க்கியருக்கு மாற்றுவதாக, கூலி பேசும்போதே ஓட்டுநரிடம் உறுதி பெறுக. ஏற்றிய காருக்குள் எவரையும் அமர்த்தி அனுப்ப வேண்டா.